பவுத்திரம்: அறுத்துத் திறப்பதா, காரநூலா, லிஃப்டா, லேசரா?

ஆசனவாய்க்குப் பக்கத்தில் பயறு அளவுக்கு ஒரு கொப்புளம். இரண்டு நாள் வலிக்கும், உடையும், சீழும் ரத்தமுமாகக் கொஞ்சம் வடியும், பிறகு ஆறிவிட்டது போல இருக்கும். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வரும். இப்படி ஒரு வருடம் ஓடிய பிறகுதான் பலர் மருத்துவரிடம் போகிறார்கள். அதுவரை மூலக் களிம்பைத் தடவியிருப்பார்கள், மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் நாலைந்து முறை விழுங்கியிருப்பார்கள்.

அந்த இடத்தில் எது வந்தாலும் ‘மூலம்’ என்று சொல்லிவிடும் பழக்கம்தான் இதற்குக் காரணம். மூலத்தில் பெரும்பாலும் வலியில்லாமல் ரத்தம் சொட்டும், சதை வெளியே இறங்கும். வெடிப்பு என்றால் மலம் போகும்போது கிழிக்கிற மாதிரி வலிக்கும், போன பிறகும் வெகுநேரம் கடுக்கும். ஓரத்தில் ஒரு துளை, அதில் விட்டுவிட்டுச் சீழ், உள்ளாடையில் கறை என்று இருந்தால் அது பவுத்திரம். மூலத்துக்கும் வெடிப்புக்கும் முதலில் உணவையும் மருந்தையும் வைத்து முயன்று பார்க்கலாம். பெரியவர்களுக்கு வரும் பவுத்திரம் மருந்தால் மூடுவது மிக அரிது. ஏதோ ஒரு சிகிச்சைமுறையைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

அது ஏன் தானாக மூடுவதில்லை என்று தெரிந்துகொண்டால் முறைகளை ஒப்பிடுவது எளிது. ஆசனவாயின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் உள்ளே, சுற்றிலும் சிறுசிறு சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அடைத்துக்கொண்டு சீழ் பிடிக்கிறது. சீழ் தசைகளுக்கு நடுவே வழி தேடி, கடைசியில் தோலை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அப்படி வந்த வழி மூடாமல் தங்கிவிட்டால் அதுதான் பவுத்திரத் தடம். உள்ளே ஒரு துளை, வெளியே ஒரு துளை, நடுவில் புண்சதை படர்ந்த குழாய். எலி வளையின் வெளிவாயை மட்டும் பூசினால் எலி வேறு பக்கம் தோண்டிக்கொண்டு வருவதைப் போல, வெளித்துளை ஆறினாலும் உள்துளை வழியாகக் கிருமி இறங்கிக்கொண்டே இருக்கும். எல்லாச் சிகிச்சைகளும் உள்துளையை ஒழிப்பதையே நோக்கமாகக் கொண்டவை. அதை எப்படி ஒழிக்கின்றன, அதற்காக எவ்வளவு தசையை விலையாகக் கேட்கின்றன என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

முதலில் தசைக் கணக்கு

ஆசனவாயைச் சுற்றி இரண்டு சுருக்குத்தசைகள் உண்டு. உள்தசை நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் எப்போதும் இறுகியிருந்து, காற்றும் நீர்த்த மலமும் கசியாமல் பார்த்துக்கொள்கிறது. வெளித்தசை நாமாக இறுக்கி மலத்தை அடக்க உதவுவது. தடம் இந்த இரண்டுக்கும் நடுவே மட்டும் ஓடினால் ஒரு கதை, வெளித்தசையைத் துளைத்துக்கொண்டு போனால் வேறு கதை. 1976இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸும் அவருடன் இருந்தவர்களும் 400 நோயாளிகளை வைத்துச் செய்த வகைப்பாடு இந்தக் கணக்கை அடிப்படையாகக் கொண்டதுதான். இன்றும் எம்.ஆர்.ஐ. அறிக்கைகளில் அந்தப் பெயர்களே வருகின்றன.

நோயாளி கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: தடத்துக்குக் கீழே எவ்வளவு வெளித்தசை இருக்கிறது? மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்றால் அதைத் தாழ்ந்த பவுத்திரம் என்பார்கள். அதற்கு மேல் போனால் உயர்ந்தது.

தோலுக்கடியில் கயிறுபோல விரலுக்குத் தட்டுப்படும் சின்னத் தடத்துக்கு ஸ்கேன் இல்லாமலே அனுபவமுள்ள சர்ஜன் முடிவெடுத்துவிடுவார். ஒருமுறை அறுவை செய்து மீண்டும் வந்தது, வெளித்துளை ஒன்றுக்கு மேல் இருப்பது, தடம் விரலுக்குப் பிடிபடாதது, பெண்களுக்கு முன்பக்கம் வந்தது ஆகியவற்றில் எம்.ஆர்.ஐ. எடுக்காமல் கத்தியை வைக்கவே கூடாது. வெளித்துளையில் மருந்து செலுத்தி எடுக்கும் பழைய எக்ஸ்ரேயில் தடம் தெரியும், தசை தெரியாது. அறிக்கை கைக்கு வந்ததும் நான்கு விஷயங்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்: உள்துளை எத்தனை மணி நிலையில் (முன்பக்கம் 12, பின்பக்கம் 6), எந்த உயரத்தில், கிளைகள் உண்டா, சீழ் தேங்கிய பை எங்காவது இருக்கிறதா. திரும்பத் திரும்ப வரும் பவுத்திரங்களில் பல, முதல் அறுவையில் கண்ணில் படாமல் போன கிளையாலோ உள்துளையாலோ வந்தவை.

அறுத்துத் திறப்பது

இதுதான் மிகப் பழைய முறை, தாழ்ந்த தடத்துக்கு இன்றும் முதலிடத்தில் இருக்கும் முறை. 1686 நவம்பரில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்கு அவருடைய அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ், இதற்கென்றே செய்த வளைந்த கத்தியால் செய்ததும் சாராம்சத்தில் இதுவே. முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டு, வெளித்துளையிலிருந்து உள்துளை வரை ஒரு மெல்லிய உலோகக் கம்பியை நுழைப்பார்கள். அந்தக் கம்பியின் மேல் இருக்கும் திசுவை நீளவாக்கில் திறந்தால் குழாய், வாய்க்கால் ஆகிவிடும். அடியில் உள்ள புண்சதையைச் சுரண்டிவிட்டுத் தையல் போடாமல் விட்டுவிடுவார்கள். அடியிலிருந்து மேலே ஆறிவர ஏறத்தாழ 4 முதல் 8 வாரம் ஆகும்.

தாழ்ந்த தடத்தில் இது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணம் தருகிறது. தசையை வெட்டாத எந்த முறையும் இந்த அளவுக்கு நிச்சயம் தருவதில்லை. விலை, வெட்டுப்படும் தசை. தசை கொஞ்சம்தான் என்றால் பெரும்பாலோருக்கு வித்தியாசமே தெரியாது. சிலருக்குக் காற்றை அடக்குவது சற்றுக் கடினமாகலாம், லேசாகக் கறைபடலாம்.

தவறு நடக்கும் இடம் அந்தக் கம்பிதான். உள்துளை கிடைக்கவில்லை என்று அழுத்தித் தள்ளினால் கம்பி புதிதாக ஒரு பொய்த்தடத்தைப் போட்டுவிடும். உண்மையான உள்துளை அப்படியே தங்கிவிடும், தேவையில்லாத தசையும் வெட்டுப்படும். தெரிந்தவர்கள் வெளித்துளை வழியாக நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடை மெதுவாகச் செலுத்திவிட்டு உள்ளே பார்ப்பார்கள். எந்த இடத்தில் வெள்ளையாக நுரை எழும்புகிறதோ அங்கேதான் உள்துளை. பின்பக்கத் தடங்கள் வளைந்து போய்ப் பெரும்பாலும் நடுப் பின்பக்கத்தில் திறக்கும், முன்பக்கத் தடங்கள் பெரும்பாலும் நேராக உள்ளே போகும் என்று 1900இல் குட்சால் என்ற அறுவை மருத்துவர் எழுதிவைத்த விதி வழிகாட்டும், ஆனால் அதற்கு விலக்குகளும் உண்டு.

யாருக்கு இது வேண்டாம்? உயர்ந்த தடம் உள்ளவர்களுக்கு வேண்டாம். பெண்களுக்கு முன்பக்கத் தடம் என்றால், தாழ்ந்தது என்று சொன்னாலும் மிகவும் யோசிக்க வேண்டும். அங்கே வெளித்தசை இயல்பிலேயே குட்டையானது, பிரசவத்தில் அது வெளியே தெரியாமல் கிழிந்திருக்கவும் கூடும். ஏற்கெனவே அடக்குவதில் சிரமம் உள்ளவர்கள், நாள்பட்ட பேதி உள்ளவர்கள், முன்பே ஒரு முறை தசை வெட்டப்பட்டவர்கள் ஆகியோரும் விலகியிருப்பது நல்லது.

காரநூல்

சித்த மருத்துவத்தில் காரநூல், ஆயுர்வேதத்தில் க்ஷாரசூத்திரம். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இதை மீட்டெடுத்து ஒரு தரத்துக்குக் கொண்டுவந்தார்கள். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது. தரப்படுத்தப்பட்ட செய்முறையில், 20ஆம் எண் லினன் நூலை இழுத்துக் கட்டி 21 பூச்சுப் பூசுவார்கள்: இலைக்கள்ளிப் பால் மட்டும் 11 முறை, பாலோடு நாயுருவிக் காரம் 7 முறை, பாலோடு மஞ்சள் தூள் 3 முறை. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது.

இந்த நூலைத் தடத்தின் வழியாகச் செலுத்தி இரு முனைகளையும் வெளியே முடிச்சுப் போடுகிறார்கள். வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய நூலின் முடிச்சுக்கு வெளிப்புறமாகப் புது நூலைக் கட்டி, பழையதை வெட்டி ஆசனவாய்ப் பக்கமாக இழுத்தால் புது நூல் அதன் பின்னாலேயே தடத்துக்குள் வந்துவிடும். கழற்றிய நூலின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டே வந்தால் தடம் எவ்வளவு அறுந்திருக்கிறது என்று தெரியும். வாரத்துக்கு ஏறத்தாழ அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை அறும். 5 சென்டிமீட்டர் தடம் என்றால் ஐந்து முதல் பத்து வாரத்துக்குத் தயாராக இருங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் சுமார் 500 நோயாளிகளை வைத்து நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஓராண்டில் மீண்டும் வந்தது நூல் கட்டியவர்களில் 4 சதவீதம், அறுவை செய்தவர்களில் 11 சதவீதம். ஆறுவதற்கு நூலில் 8 வாரம், அறுவையில் 4 வாரம். நிச்சயம் கூடுதல், நாளும் கூடுதல்.

ஒன்றைத் திருத்தியே ஆக வேண்டும். காரநூல் தசையை வெட்டாது என்று சொல்லி விற்கிறார்கள். நூலும் தசையை அறுக்கவே செய்கிறது. மெதுவாக அறுப்பதால், முன்னால் அறுந்த இடம் பின்னால் தழும்பு கட்டிச் சேர்ந்துகொண்டே வருகிறது, தசை முனைகள் விலகி ஓடுவதில்லை. இந்த மெதுவில்தான் பாதுகாப்பு. வாரம் மாற்ற நேரமில்லை என்று ஒரே இறுக்கமாக இறுக்கிக் கட்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், வலியும் தாங்காது. உயர்ந்த தடத்தில் முழுத் தசையையும் நூலால் அறுத்துக்கொண்டு வருவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

புது நூல் மாற்றிய இரண்டு மூன்று நாள் எரிச்சலும் வலியும் இருக்கும். கள்ளிப் பால் பட்டுச் சுற்றுத்தோல் வெந்துபோவது சிலருக்கு நேரும். கையில் பணம் குறைவாக இருந்து, படுத்துக்கொள்ள விடுப்பும் கிடைக்காமல், வாரா வாரம் மருத்துவமனைக்கு வர முடிந்தவருக்கு, தாழ்ந்த அல்லது நடுத்தரத் தடத்தில் இது நல்ல தேர்வு. படித்துப் பட்டம் பெற்று, பதிவு செய்த மருத்துவரிடம் மட்டுமே போக வேண்டும். பெயர்ப்பலகை மட்டும் வைத்து, காரப்பொருளை ஊசியில் ஏற்றி உள்ளே செலுத்துபவர்களிடம் போய் ஆசனவாயே சுருங்கிப்போய் வருகிறவர்கள் உண்டு.

தளர்நூல்

இதற்கும் காரநூலுக்கும் பெயரில்தான் ஒற்றுமை. மருந்து பூசாத சிலிக்கான் இழையையோ தடித்த தையல் நூலையோ இறுக்காமல் வளையம்போலக் கட்டிவிடுவது இது. எதையும் அறுக்காது. சீழ் தேங்காமல் வடிய வழிவிட்டு, வீங்கிய தடத்தை ஒரே குழாயாகக் குறுக வைக்கும். இதுவே முடிவான சிகிச்சையாகாது. சீழ் நிறைந்த உயர்ந்த பவுத்திரத்தில், 6 முதல் 12 வாரம் இதைப் போட்டுவைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவது பல தோல்விகளைத் தவிர்க்கும். வளையத்தோடு வேலைக்குப் போகலாம், குளிக்கலாம். உள்ளாடையில் ஒரு பஞ்சுப் பட்டை வைத்தால் போதும்.

லிஃப்ட்

2007இல் பாங்காக்கின் அறுவை மருத்துவர் அருண் ரோஜனசகுல் வெளியிட்ட முறை. லிஃப்ட் (LIFT) என்பது அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். தசையை வெட்டாமல் தடத்தை மட்டும் நடுவில் கட்டித் துண்டிப்பது. உள்தசைக்கும் வெளித்தசைக்கும் இடையில் உள்ள பள்ளத்தில் 2, 3 சென்டிமீட்டர் கீறி, இரு தசைகளையும் மெதுவாகப் பிரித்துக்கொண்டு போனால் தடம் ஒரு நரம்பு மாதிரி குறுக்கே தெரியும். உள்தசைப் பக்கம் ஒரு கட்டு, வெளித்தசைப் பக்கம் ஒரு கட்டு, நடுவில் வெட்டு. வெளியே உள்ள மிச்சத் தடத்தைச் சுரண்டி வடியவிடுகிறார்கள்.

நூற்றுக்கு 60 முதல் 75 பேருக்கு ஆறுகிறது. அறுத்துத் திறப்பதோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் அடக்கும் திறன் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. தோற்றாலும் பெரும்பாலும் நஷ்டமில்லை: வெளித்தசையைத் துளைத்து ஓடிய நீளத் தடம், பல சமயம் இரு தசைகளுக்கு இடையே மட்டும் உள்ள குட்டைத் தடமாகத் திரும்பி வருகிறது. அதை எளிதாகத் திறந்துவிடலாம். உயர்ந்த தடத்துக்கு எங்கள் முதல் தேர்வு இது என்பதற்கு இந்தக் காரணமே போதும். தடம் கயிறாக முதிர்ந்திருக்க வேண்டும். சீழ் இன்னும் அடங்காமல் உள்ளபோது செய்யப் போனால் திசு பிய்ந்து வரும், கட்டு நிற்காது.

லேசர்

‘ஒரே நாளில், வலியில்லாமல், தழும்பில்லாமல்’ என்று நகரம் முழுக்கப் பலகை வைத்திருப்பது இதற்குத்தான். நோயாளிகள் ஏற்கெனவே இதை முடிவு செய்துகொண்டே வருகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தடத்தைச் சிறு தூரிகையால் சுரண்டிக் கழுவி, நுனியில் சுற்றிலும் ஒளியை உமிழும் மெல்லிய இழையை உள்துளை வரை நுழைக்கிறார்கள். பெரும்பாலும் 1470 நானோமீட்டர் டயோடு லேசர். நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் இழையை வெளியே இழுத்துக்கொண்டே வந்தால் தடத்தின் உட்சுவர் வெந்து சுருங்கி ஒட்டிக்கொள்கிறது. உள்துளையைத் தனியாகத் தைத்து மூடினால் பலன் கூடுகிறது.

தசை வெட்டுப்படாது என்பது உண்மை. வலி குறைவு, சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்பதும் உண்மை. பலகையில் எழுதாதது தோல்விக் கணக்கு. வெளியான ஆய்வுகளில் குணமானது ஏறத்தாழ 60, 70 சதவீதத்தைச் சுற்றி நிற்கிறது, சில மையங்களில் அதற்கும் வெகு கீழே. இழை ஒருமுறை மட்டுமே பயன்படும் என்பதால் செலவு கூடுகிறது. ஒடுக்கமான, நேரான, கிளையில்லாத, 3 சென்டிமீட்டருக்குக் குறையாத தடத்தில் இது நன்றாக வேலை செய்யும். அகலமான தடத்தில் சுவர்கள் ஒன்றையொன்று தொடாது, சூடு வீணாகும். கிளை இருந்தால் இழை போகாத கிளை அப்படியே சீழோடு காத்திருக்கும். மிகக் குட்டைத் தடத்தில் சூடு தசைக்கே போய்விடும்.

தாழ்ந்த பவுத்திரத்துக்கு லேசரைத் தேர்ந்தெடுப்பவர், பத்தில் ஒன்பதுக்கு மேல் உள்ள நிச்சயத்தைக் கொடுத்துவிட்டுப் பத்தில் ஆறு அல்லது ஏழு என்ற நிச்சயத்தை வாங்குகிறார், அதற்குக் கூடுதல் பணமும் கட்டுகிறார். தசை அதிகம் சிக்கியிருக்கும் தடத்தில் அதே லேசர் நியாயமான முயற்சி. தோற்றால் லிஃப்டுக்கு வழி திறந்தே இருக்கும்.

மற்றவை சுருக்கமாக

உள்துளையின் மேல் பக்கத்துச் சளிச்சவ்வை இழுத்து மூடித் தைக்கும் மடல் முறை, பெண்களுக்கு முன்பக்க உயர்ந்த தடத்தில் உதவும். வெற்றி லிஃப்டைப் போலத்தான், சிலருக்குக் கறைபடுதல் வரும். தடத்துக்குள் கேமரா விட்டுப் பார்த்துச் சுடும் வாஃப்ட் முறை கிளைகள் அதிகமுள்ள தடத்தைத் தேடிப் பிடிக்கப் பயன்படும். தடத்தை அடைக்கும் உயிரித்திசு அடைப்பான் ஒருகாலத்தில் பெரிய நம்பிக்கையாக இருந்தது. பிரிட்டனில் 304 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில் ஓராண்டில் ஆறியது அடைப்பானில் 54, சர்ஜன் விரும்பிய முறைகளில் 55 சதவீதம். அடைப்பான்தான் செலவு கூடியது. அதை இன்று நாங்கள் சொல்வதில்லை.

எந்த நிலையில் எது

சீழ்க்கட்டி பழுத்து, காய்ச்சலோடு உட்கார முடியாமல் வருபவருக்கு அன்றைக்குச் சீழை வெளியேற்றினால் போதும். தடத்தைத் தேடிக் கம்பி விடும் வேளை அதுவல்ல, வீங்கிய திசுவில் பொய்த்தடம் போடுவது மிக எளிது. கீறலை ஆசனவாயை ஒட்டிப் போடச் சொல்வதற்குக் காரணம், பின்னால் பவுத்திரம் வந்தாலும் தடம் குட்டையாக அமையும் என்பதே. கட்டி வந்தவர்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை பின்னர் பவுத்திரத்தோடு வருகிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டி ஓரிரு நாளில் சுற்றுத் திசுவையெல்லாம் அழுகச் செய்துவிடும். தோல் கறுத்தாலோ விதைப்பை வீங்கினாலோ இரவானாலும் கிளம்பிவிட வேண்டும்.

தாழ்ந்த, முதல்முறைத் தடம், அடக்குவதில் சிரமம் இல்லாத ஆண் என்றால் அறுத்துத் திறப்பது அல்லது காரநூல். உயர்ந்த தடம் என்றால் தளர்நூல், பிறகு லிஃப்ட். ஒடுக்கமான நேர்த்தடமாக இருந்து செலவும் கட்டுப்படியானால் லேசர். பலமுறை அறுவை செய்து தசை மிச்சமில்லாதவர், குணமே வேண்டும் என்று இன்னொரு வெட்டுக்குத் துணிவதைவிடத் தளர்நூலோடு வருடக்கணக்கில் சௌகரியமாக இருக்கலாம்.

வயிற்றுவலி, பேதி, எடை குறைதல் சேர்ந்து இருந்தால் அது குடலில் நாள்பட்ட அழற்சி தரும் குரோன்ஸ் நோயாக இருக்கலாம், அங்கே கத்திக்கு முன்னால் குடலுக்கான மருந்து. நம் ஊரில் காசநோயும் பவுத்திரமாக வரும். அறுவையில் எடுத்த தடச்சுவரைத் தூக்கிப் போடாமல் திசுப் பரிசோதனைக்கும் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். பத்து வருடத்துக்கு மேலான தடத்தில் அரிதாகப் புற்று தோன்றுவதும் அந்தத் திசுவில்தான் தெரியவரும்.

அறுவைக்குப் பிறகு

வெதுவெதுப்பான நீரில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, 10 முதல் 15 நிமிடம் உட்கார வேண்டும். டெட்டால் வேண்டாம், புண்ணைச் சுடும். இசப்கோல் ஒன்றிரண்டு தேக்கரண்டியை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே மலத்தை இறுக்கிவிடும். திறந்த புண்ணில் பஞ்சை இறுக்கி அடைப்பதால் வலிதான் மிச்சம். மேலே ஒரு மெத்தைப் பஞ்சு போதும்.

கவனிக்க வேண்டிய பழுது ஒன்று உண்டு. அடியில் ஆறுவதற்கு முன் மேல்தோல் இரு பக்கமும் பாலம்போலச் சேர்ந்துகொள்வது. வெளியே பார்த்தால் அழகாக ஆறியிருக்கும், உள்ளே மறுபடி குழாய் உருவாகியிருக்கும். முதல் மாதம் வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை சர்ஜன் பார்த்தால், விரலாலேயே அந்தப் பாலத்தைப் பிரித்துவிடுவார். வலிக்கிறது என்று இந்த வருகையைத் தவிர்ப்பவர்களே இரண்டாம் அறுவைக்கு வருகிறார்கள்.

மூன்று மாதம் கழித்தும் கசிவு நிற்கவில்லை என்றால் களிம்பு தேடாமல் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுங்கள். வேறு மருத்துவரிடம் போவதானால் முதல் அறுவையின் குறிப்பை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். உள்துளை எத்தனை மணி நிலையில் இருந்தது, எந்தத் தசை எவ்வளவு வெட்டப்பட்டது என்ற இரண்டு வரி அதில் இருந்தால் போதும்.